வெயிலுகந்த பிள்ளையாரும் வெள்ளெருக்கும்

இராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தைக் கடந்து தொண்டி நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது உப்பூர். இங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமானுக்கு வெயிலுகந்த விநாயகர் என்று திருநாமம். தட்சிணாயன காலத்தில் தென்புறமாகவும், உத்தராயண காலத்தில் வடபுறமாகவும் கதிரவனின் ஒளி இவர் திருமேனியைத் தழுவும் என்பது தலத்தின் சிறப்பு. தக்கன் வேள்வியில் கலந்துகொண்ட குற்றத்தால் ஒளி குன்றிய சூரியன் இங்கு வந்து பிள்ளையாரை வழிபட்டு உய்ந்தான் என்றும், இலங்கைக்குப் புறப்பட்ட இராமபிரான் இவரை வணங்கிய பின்னரே தேவிபட்டினத்தில் நவபாஷாணம் அமைத்தார் என்றும் தலவரலாறு கூறும்.

வெயிலை உகந்த இந்தப் பிள்ளையாருக்கு, வெயிலிலேயே வாழும் எருக்கம்பூவை மாலையாகச் சாத்துவதில் எத்தனை பொருத்தம்! கதிரவனுக்கு அருக்கன் என்று ஒரு பெயர். எருக்குக்கும் அருக்கம் என்று ஒரு பெயர். வடமொழியில் இரண்டையும் 'அர்க்கம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பர். சூரியன் பூசித்த பிள்ளையாருக்குச் சூரியன் பெயர் தாங்கிய செடியின் மலர்.

சென்ற ஆவணி மாதம் சதுர்த்தி விழாவுக்கு நானும் என் மனைவியும் உப்பூருக்குச் சென்றிருந்தோம். இத்தலத்தில் சதுர்த்தியை ஒட்டிச் சித்தி, புத்தி தேவியருடன் விநாயகருக்குத் திருக்கல்யாணம் நடைபெறும். பிள்ளையாரைப் பிரமசாரியாகவே கண்டு பழகிய கண்களுக்கு அது அரிய காட்சி. கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு மூதாட்டி எருக்கம்பூ மாலை தொடுத்து விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் நீலம் கலந்த ஊதா நிறப் பூக்கள்.

"வெள்ளெருக்கு மாலை இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஊர் ஊருணிக் கரையில ஒத்தச் செடி நின்னுச்சு ஐயா. எங்க ஆத்தா காலத்துச் செடி. போன மாசி மாசம் யாரோ ராவோட ராவா வேரோட தோண்டிக் கொண்டு போயிட்டாக. வேருல பிள்ளையார் இருக்காராமுல்ல? பூவுல இருந்தவரு அவுக கண்ணுக்குத் தெரியல."

நான் மறுமொழி கூறவில்லை. கூறும் தகுதி எனக்கு இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில், நாம் அன்றாடம் சாலையோரத்தில் பார்த்தும் பாராமல் போகும் இந்தச் செடியைப் பற்றி நான் தேடித் தெரிந்துகொண்டவற்றை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்று சிற்றினங்கள்

தாவரவியலார் எருக்கின் பேரினத்தை 'கலோட்ரோபிஸ்' என்று அழைக்கின்றனர். இராபர்ட் பிரவுன் என்னும் அறிஞர் 1810-ஆம் ஆண்டில் வகுத்த பெயர் இது. கிரேக்க மொழியில் 'அழகிய அடிமரம்' என்பது பொருள். கப்பலின் அடிப்பகுதியைப் போன்ற பூவின் நடு உறுப்பைக் கண்டு இட்ட பெயர். அதற்கு நெடுங்காலம் முன்பே, கொச்சியில் ஆட்சி செய்த ஒல்லாந்து நாட்டு வான் ரீடு, மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் நம் 'எருக்கு' என்ற பெயரையே இலத்தீன் எழுத்தில் பதித்துவிட்டார்.

இப்பேரினத்தில் மூன்று சிற்றினங்களே உள்ளன. முதலாவது நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் பெரிய எருக்கு. 'ஜைகாந்தியா' என்பது இதன் சிற்றினப் பெயர். பூவின் ஐந்து இதழ்களும் நன்றாக விரிந்து, சற்றே பின்னோக்கி மடிந்திருக்கும். மொட்டு நீண்டு கூம்பி, பட்டை தீட்டியதுபோல் தோன்றும். இரண்டாவது 'புரோசெரா' எனப்படுவது. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் தொடங்கி இராஜஸ்தான் வரையுள்ள வறண்ட நிலங்களே இதன் தாயகம். தமிழகத்தின் வறண்ட பகுதிகளிலும் இதனைக் காணலாம். இதன் இதழ்கள் மடியாமல் கிண்ணம்போல் நிமிர்ந்து நிற்கும். வெண்ணிற இதழின் நுனியில் மட்டும் ஊதா நிறம் தீட்டியிருக்கும். மொட்டு உருண்டையாக இருக்கும். மூன்றாவதாகிய 'ஆசியா' என்பது வங்கம் முதலிய கிழக்குப் பகுதிகளுக்கு உரியது. நம் பக்கம் இல்லை.

அப்படியானால் வெள்ளெருக்கு எங்கே என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் தேடினேன். வெள்ளெருக்கு தனிச் சிற்றினம் அன்று. பெரிய எருக்கிலேயே பூ மட்டும் முழு வெண்மையாக மலரும் வகை அது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளில் ஒருவர் சிவப்பாகவும் ஒருவர் மாநிறமாகவும் இருப்பதில்லையா? அதைப்போன்றதே. இலை, பால், வேர், மருந்துக் குணம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. இது ஒருபுறமிருக்க, மேலே சொன்ன நிமிர்ந்த இதழ்ப் பூவைக் கொண்ட 'புரோசெரா'வையும் சிலர் வெள்ளெருக்கு என்றே விற்கின்றனர். ஆகவே இதழ் மடிந்து, நுனி முதல் அடி வரை வெண்மையாக இருந்தால் அது நம் வெள்ளெருக்கு. நிமிர்ந்து, நுனியில் ஊதா தென்பட்டால் அது வேறு சிற்றினம் என்று அறிந்துகொள்ளலாம்.

பூவுக்குள் ஒரு கோயில்

எருக்கம்பூ ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடி அணிந்துகொண்டு நிதானமாகப் பாருங்கள். ஐந்து இதழ்களின் நடுவே ஐந்து மடல்கள் சூழ்ந்த ஒரு மகுடம். ஒவ்வொரு மடலின் அடிப்பகுதியும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அடியார் கண்ணுக்கு அது சுருட்டிய துதிக்கையாகவே தோன்றும். அதன் உச்சியில் ஐங்கோணமான பீடம்.

மற்றப் பூக்களைப்போல் எருக்கின் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. மெழுகுபோல் இறுகி, இரண்டிரண்டு பொதிகளாக இணைந்து, பீடத்தின் இடுக்குகளில் செருகப்பட்டிருக்கும். தேன் அருந்த வரும் பெரிய கருவண்டின் கால் அந்த இடுக்கில் சிக்கும். வண்டு காலை இழுக்கும்போது பொதியும் உடன் வரும். அடுத்த பூவில் அது உரிய இடத்தில் பொருந்தினால்தான் காய் பிடிக்கும். இத்தனை நுட்பமான ஏற்பாடு என்பதால் நூற்றுக்கணக்கில் பூத்தாலும் எருக்கு காய்ப்பது மிகக் குறைவு. காய் முற்றி வெடித்தால், பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் மிதந்து வரும். 'தாத்தாப் பூச்சி' என்று துரத்திப் பிடித்து, ஊதிப் பறக்கவிட்ட நாட்கள் நம் தலைமுறையினருக்கு நினைவிருக்கும்.

உப்புக் காற்றும் மணலும் அனலும் சூழ்ந்த இக்கடற்கரையில், யாரும் நீர் ஊற்றாமல் எருக்கு செழிப்பதற்கும் காரணங்கள் உண்டு. ஆழச் செல்லும் ஆணிவேர் அடிநீரைத் தேடும். இலையின்மேல் படர்ந்த வெண்பஞ்சும் மெழுகும் நீர் ஆவியாவதைத் தடுக்கும். கசப்பும் நஞ்சும் கொண்ட பால் ஆடுமாடுகளை விலக்கி வைக்கும். அந்த நஞ்சையே உணவாகக் கொள்ளும் உயிரும் உண்டு. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளரும். அந்த நஞ்சு அதன் உடலில் தங்குவதால் பறவைகள் அதைத் தீண்டுவதில்லை.

அருளாளரும் அரசியரும் சூடியது

எருக்கை நம் முன்னோர் எளிமையின் அடையாளமாகவே கண்டனர். புறநானூற்றின் 106-ஆம் பாட்டில் கபிலர் பாரியின் கொடையைப் பாடும்போது எருக்கையே உவமையாக்குகிறார். நல்லது என்றும் தீயது என்றும் எண்ணப்படாத எருக்கம்பூவை ஒருவர் அளித்தாலும் கடவுளர் வேண்டாம் என்று மறுப்பதில்லை. அதுபோல அறிவிலார் சென்று இரந்தாலும் பாரி கொடுப்பான் என்பது அப்பாட்டின் கருத்து. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் எருக்கம்பூ வழிபாட்டுக்கு உரியதாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சங்க காலத்தில் காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரைமேல் ஏறி, எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருவானாம். பனையும் எருக்கும் நிறைந்த நம் இராமநாதபுரச் சீமையில் அக்காட்சியைக் கற்பனை செய்வது எளிது. அதே பூவுக்குச் சயாம் நாட்டில் வேறு விதி! தாய்லாந்து மக்கள் அதனை 'டோக் ரக்' என்பர். 'அன்புப்பூ' என்று பொருள். பெயர் பொருத்தம் கருதித் திருமண மாலைகளில் அதைச் சேர்க்கின்றனர். பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட எருக்குக்கு அங்கே 'கிரீடப்பூ' என்று பெயர். 1893-இல் அரியணை இழந்த, அந்நாட்டின் கடைசி அரசி லிலியுவோகலானி விரும்பிச் சூடிய பூ அது. நாம் 'குப்பைமேட்டுச் செடி' என்று ஒதுக்கியது, கடல் கடந்து மகுடம் சூடிக்கொண்டது.

சைவத்தில் எருக்குக்குரிய இடம் பெரியது. சிவபெருமான் எருக்கு அணிந்தவர் என்று தேவாரம் போற்றுகிறது. விருத்தாசலத்துக்கு அருகே இராஜேந்திரப்பட்டினம் என்று இன்று வழங்கும் திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கே தலமரம். அங்குள்ள இறைவனின் 'சுவேதார்க்கவனேசுவரர்' என்ற திருநாமத்திலேயே வெள்ளெருக்கு உள்ளது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த ஊரும் அதுவே. வேத வேள்வியில் சதருத்ரீய ஆகுதியை எருக்கிலையால் அளிக்க விதி உண்டு. நவக்கிரக வேள்வியில் சூரியனுக்கு எருக்கஞ்சமித்து. இரதசப்தமி நாளில் ஏழு எருக்கிலைகளை உடலில் வைத்து நீராடுகிறோம். சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு அர்ச்சிக்கும் இருபத்தொரு பத்திரங்களுள் எருக்கிலையும் ஒன்று.

கவனியுங்கள். பூ, இலை, சுள்ளி என்று செடிக்கு ஊறு செய்யாமல் எடுக்கக்கூடியவையே இவை அனைத்தும்.

கண்ணுக்கு எச்சரிக்கை

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் உபமன்யு என்னும் சீடனின் கதை வருகிறது. குருவின் கட்டளையால் உணவின்றிப் பசித்த அவன், காட்டில் எருக்கிலையைத் தின்று கண்ணொளி இழந்து கிணற்றில் விழுந்தான். பின்னர் அசுவினி தேவர்களைத் துதித்துப் பார்வை பெற்றான். நெடுங்காலம் இதைக் கதையாகவே படித்தேன். பணி ஓய்வு பெற்ற ஆண்டில், சதுர்த்திக்கு முதல்நாள் எருக்கம்பூப் பறித்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். பெரிதாக வலி இல்லை. ஆனால் மாலைக்குள் அந்தக் கண்ணில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. கண் மருத்துவர், "எருக்கம்பால் பட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார். கருவிழி வீங்கியிருப்பதாகக் கூறி மருந்திட்டார். பார்வை தெளியப் பத்து நாளுக்குமேல் ஆயிற்று.

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூப் பறித்தாலும் மாலை தொடுத்தாலும் கையைச் சோப்பிட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள். பேரக்குழந்தைகளை மொட்டு நசுக்கி விளையாட விடாதீர்கள். தப்பித் தவறிப் பால் பட்டுவிட்டால், வலி இல்லையே என்று இராமல், தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எருக்கு சித்த மருத்துவத்தில் பயன்படுவதுதான். ஆனால் சுத்தி செய்யும் முறையறிந்த மருத்துவர் கையால் பெறவேண்டிய மருந்து அது. நாமே அரைத்து உண்பதற்குரியது அன்று.

வட்டியும் முதலும்

இனி, அந்த மூதாட்டியின் முன் நான் வாயடைத்து நின்ற காரணத்தைச் சொல்லவேண்டும்.

1998-ஆம் ஆண்டு. வங்கிப் பணியில் மாற்றலாகி இராமநாதபுரத்தில் இருந்தேன். வடக்கே ஓடும் வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து வைத்தால் செல்வம் பெருகும் என்று ஒருவர் சொல்ல, ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு வேரை வரவழைத்தேன். அது எந்த ஊர்ச் செடி என்று கேட்கவில்லை. யார் அதில் பூப் பறித்தார்கள் என்றும் கேட்கவில்லை. தச்சர் ஒருவர் செதுக்கித் தந்த அந்தப் பிள்ளையார் இன்றும் எங்கள் பூசையறையில் இருக்கிறார். அன்றாடம் விளக்கேற்றுகிறோம்; அதில் குறை வைக்கவில்லை. ஆனால் மூதாட்டியின் சொல்லைக் கேட்ட இரவு, அந்த உருவத்தின் முன் நிற்கும்போது மனம் கூசியது. அவர் ஊர்ச் செடி வேறு, என் வேர் வந்த செடி வேறாக இருக்கலாம். செய்த செயல் ஒன்றுதான்.

முப்பதாண்டுக்குமேல் வங்கிக் கணக்கைப் பார்த்தவன் நான். வாடிக்கையாளரிடம் ஓயாமல் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: "வட்டியைச் செலவிடுங்கள், முதலில் கை வைக்காதீர்கள்." எருக்கின் பூ வட்டி, வேர் முதல். ஆண்டு முழுவதும் வட்டி தந்துகொண்டிருந்த கணக்கை முடித்து, முதலை எடுத்து என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஓர் ஊருக்கே மாலையாகப் பூத்திருக்கவேண்டியது, ஒரு வீட்டில் மரமாக நிற்கிறது. கபிலர் சொன்ன எருக்கு யாரும் எளிதில் பறித்துச் சாத்தக்கூடிய பூ. அதையும் கிடைத்தற்கரிய பண்டமாக்கி விலைபேசியது நம்முடைய ஆசை.

வேர்ப்பிள்ளையார் வழிபாட்டை நான் குறை கூறவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருப்பவரைப் பக்தியுடன் பூசிப்போம். ஆனால் புதிதாக ஒரு வேரை வாங்குவதற்கு முன் சற்றே எண்ணிப் பார்ப்போம். செதுக்கி மெருகேற்றியபின் அது வெள்ளெருக்கு வேரா, ஊதா எருக்கு வேரா, எருக்கே அல்லாத வேறு மரமா என்று நம் கண்ணால் கண்டறிய இயலாது. கொடுக்கும் பணத்துக்கு உறுதியில்லை. போகும் செடியோ உறுதியாகப் போய்விடுகிறது.

வெள்ளெருக்கைப் பெருக்குவது எளிது. விதையிலிருந்து முளைத்தால் வண்டு கொண்டுவந்த கலப்பினால் நிறம் மாறக்கூடும். முற்றிய கிளையில் ஒரு முழம் வெட்டி, வெட்டுவாயில் பால் காய்ந்தபின் மணல் கலந்த மண்ணில் நட்டு, அளவாக நீர் விட்டால் போதும். தாய்ச்செடியின் வெண்மை மாறாது. தேங்கும் நீர் மட்டும் அதற்கு ஆகாது.

அறிந்த அன்பர் ஒருவரின் தோட்டத்திலிருந்து நான்கு குச்சிகளைப் பெற்றுத் தொட்டியில் நட்டேன். இரண்டு அழுகின, இரண்டு துளிர்த்தன. தை மாதம் அவற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் உப்பூர் சென்று பிள்ளையாரை வணங்கிவிட்டு, விசாரித்து மூதாட்டியின் ஊருக்குப் போனோம். 1998-ஆம் ஆண்டுக் கதையை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத ஊருணியில வைக்க வேண்டாம் ஐயா, மறுபடி தோண்டிப்புடுவாக. எங்க வீட்டுக் கொல்லையில வைப்போம். ஒண்ண நான் பாத்துக்கிறேன். இன்னொண்ணை நீங்களே கொண்டு போயி உங்க வீட்டுப் பிள்ளையாருக்குப் பூப் பறிச்சுப் போடுங்க. அவரும் பாவம், பூவைப் பாத்து எம்புட்டு நாளாச்சோ" என்றார்.

ஒன்று அவர் கொல்லையில் நிற்கிறது. மற்றொன்று எங்கள் வாசலில், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நிற்கிறது. சென்ற வாரம் முதற்கொத்து மலர்ந்தது, மாசற்ற வெண்மை. ஐந்து பூக்களைப் பறித்து, கையைக் கழுவிக்கொண்டு, வேரில் அமர்ந்திருக்கும் பெருமானுக்குச் சாத்தினேன். எளியவர் தரும் எருக்கையும் வேண்டாம் என்று சொல்லாதவர், என்னையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை பிறந்தது.

வருகிற சதுர்த்திக்கு உப்பூர் செல்லும் அன்பர்கள் வழியில் எருக்கம்பூ மாலை விற்பவரைக் கண்டால் பேரம் பேசாமல் வாங்கிச் சாத்துங்கள். வெள்ளையோ ஊதாவோ, பூ எதுவாயினும் வெயிலுகந்த பெருமான் ஏற்றுக்கொள்வார். வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.